தேய்ப்பு வீட்டில், பூச்சு கராஜில்

பதுளை டவுனிலிருந்து பசறைப் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ போகும்போது, வீதியோரம் நிற்கிற கார்களின் கூரையையும் பொனட்டையும் கவனித்துப் பாருங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு வண்டிகளில் நடுவே வெள்ளைத் திட்டுகள் விழுந்து, ஓரங்கள் வெங்காயச் சருகு போல நிமிர்ந்து நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட வருஷங்களில் கையில் இருந்த வண்டிதான் வண்டி. இப்போதும் வரியோடு சேர்த்துக் கேட்டால் புது வண்டியின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. ஆகவே இந்த அல்டோக்களும் வேகன் ஆர்களும் இன்னும் பல காலம் இந்த மலைகளை ஏறி இறங்கத்தான் போகின்றன. அவற்றின் மேல்தோலைப் பற்றி, ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பேசுவோம்.

தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இந்த நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான். கிளியர் மட்டும் சுமார் 40 மைக்ரோன். கண்ணில் படும் பளபளப்பு முழுக்க அந்த மெல்லிய அடுக்கின் வேலை. நிறத்தை வெயிலிலிருந்து காப்பதும் அதுதான்.

புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மருந்தொன்றைக் கிளியருக்குள் கலந்திருப்பார்கள். அது வருஷக்கணக்கில் மெல்லத் தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் கதிர் கிளியரைத் தாண்டி உள்ளே இறங்கி, நிறமும் கிளியரும் ஒட்டியிருக்கும் இடத்தையே அரிக்கிறது. அப்புறம் ஒரு சின்ன வெடிப்பு போதும், பனியும் மழையும் உள்ளே நுழைந்துவிடும். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறிமாறி இழுக்க, மிச்சம் தானாக உரியும். நம்முடையது குளிர் ஊர், வெயில் சுடுவதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. பண்டாரவளை 1200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1400க்கு மேல். தோலில் சூடு உறைக்காவிட்டாலும் கதிர் வேலை செய்துகொண்டே இருக்கும். கூரையும் பொனட்டும் முதலில் உரிந்து, கதவுகள் கடைசிவரை தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். வானத்தைப் பார்த்துக் கிடப்பவை முந்திய இரண்டும்தானே.

கையில் எதையும் எடுக்குமுன் உரிந்திருக்கிறதா, மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் மெல்லத் தடவும்போது எங்கும் படி தட்டவில்லை என்றால் கிளியர் இன்னும் இருக்கிறது, மேற்பரப்பு மட்டும் மங்கியிருக்கிறது. அதற்குக் கட் அண்ட் பொலிஷ் போதும். நகம் ஓர் ஓரத்தில் தட்டினால் உரிதல் தொடங்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் கொம்பவுண்ட் எடுத்து ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அந்த இடத்தில் கிளியர் இல்லை. பழைய வெள்ளை வண்டிகள் சிலவற்றில் தொடக்கத்திலேயே கிளியர் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. அவற்றின் வைத்தியம் வேறு.

உரிந்த இடத்துக்குப் பொலிஷ் மருந்தல்ல. மெஷினை வைத்தால் நிமிர்ந்த ஓரம் இன்னும் கிழியும். தேங்காய் எண்ணெய் தடவினால் வெள்ளை மறைவது உண்மை, ஆனால் ஈரம் இருக்கும் வரைக்கும்தான். அதைவிட, அந்த எண்ணெயும் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கன் பொலிஷும் பின்னால் வரப்போகும் பெயின்டுக்கு எதிரிகள். அவை ஒரு பொட்டு மிஞ்சினாலும் புதுக் கிளியர் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும்.

உரிந்த திட்டுக்கு மட்டும் கிளியர் அடித்துவிடலாமே என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் நிற்காது. பழைய கிளியரின் ஓரம் உள்ளுக்குள் இன்னும் கழன்றுகொண்டே இருக்கிறது. புதுக் கிளியரும் அது முடிகிற இடத்தில் மெலிந்து போகிறது. அந்த மெல்லிய விளிம்பைத்தான் வெயில் முதலில் பிடிக்கும். அதனால் திட்டு உள்ளங்கை அளவுதான் என்றாலும் பொனட் முழுவதையும், ஓரம் மடிந்து முடிகிற இடம் வரை செய்யவேண்டும்.

இனித் தேய்ப்பு. பணம் செலவாகாத வேலை இது, பொறுமைதான் செலவு. என் கணக்கில் முழு வேலையின் தலைவிதியும் இங்கேதான் இருக்கிறது. சவர்க்கார நீரில் கழுவி, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகுதான் வாட்டர் பேப்பரைத் தொடவேண்டும். முதலிலேயே தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு கழன்று நிற்கும் கிளியரைப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் நெம்பி எடுங்கள். வருகிறதெல்லாம் வரட்டும். திட்டு பெரிதாகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், இன்று வருவதை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குப் புதுப் பூச்சையும் தூக்கிக்கொண்டு வரும். நெம்பியும் வராத இடம் எதுவோ அங்கேதான் நல்ல கிளியர் தொடங்குகிறது.

அந்த ஓரத்தை 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரால், கட்டைக்குச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். தேய்த்து வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளையாக வந்தால் கிளியர் தேய்கிறது. வண்டியின் நிறம் கலந்து வந்தால் நிறப் பூச்சைத் தொட்டுவிட்டீர்கள், கையை இலேசாக்குங்கள். கண்ணை மூடி விரலால் தடவும்போது எங்கே ஓரம் என்று தெரியாத வரைக்கும் இது தொடரவேண்டும். பிறகு பொனட் முழுவதையும் 1000 நம்பரால் ஒரே மாதிரி மங்கவையுங்கள். பளபளப்பு ஒரு புள்ளி மிஞ்சினாலும் அங்கே புதுப் பூச்சுக்குப் பிடிமானம் இல்லை. தகடு தெரியும்வரை போய்விட்டால் அந்த இடத்துக்கு முதலில் பிரைமர். நம் ஈரத்தில் திறந்த தகடு வெகு சீக்கிரம் துருவேறும்.

மெட்டாலிக் நிறமாக இருந்து, தேய்ப்பு நிறப் பூச்சைத் தொட்டிருந்தால், அங்கே நிறமும் அடிக்கவேண்டும். அதற்கான இலக்கம் கதவுத் தூணிலோ பொனட்டுக்கு அடியிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். அதைக் காட்டினால் பெயின்ட் கடையில் கலந்து தருவார்கள். நிறம் காய்ந்ததும் பளபளப்பில்லாமல் தெரிவது இயல்பு.

கடைசியில் கிளியர். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். சாதாரண ஸ்ப்ரே கேனில் வரும் ஒற்றைக் கிளியர் தின்னர் பறந்து காய்வது. பெற்றோல் பட்டால் இளகும், மலை வெயிலில் அதிக காலம் நிற்காது. நின்று பிடிப்பது ஹார்ட்னர் கலக்கும் இரட்டைக் கிளியர்தான். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறவைக்கும். துணி மாஸ்க்கும் கொரோனா காலத்து மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் முறையான பாதுகாப்பு.

தோட்டத்தில் வீடு எப்படி இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், தொடர்ந்து ஓடும் இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை, அடுத்ததில் இளைப்புக்காரத் தாத்தா. லயத்து வாசலில் அடிக்கிற தூவல் உங்கள் பொனட்டோடு நிற்காது. ஆகவே தேய்ப்பை வீட்டில் முடித்துவிட்டு, பூச்சை மட்டும் கராஜில் அடிப்பியுங்கள். கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்கான நேரத்துக்குத்தான் போகிறது, அதை நீங்கள் மிச்சம் பிடிக்கிறீர்கள். வேலையைத் தொடங்குமுன்பே பெயின்ட் பாஸிடம் போய், எத்தனை நம்பர் வரைக்கும் தேய்க்கட்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னபடி செய்து கொண்டுபோனால், மற்றவர் தேய்த்த வண்டி என்று தயங்கமாட்டார்.

நாளையும் பார்த்து வைக்கவேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவுக்கு மழைக்காலம், அதை விட்டுவிடலாம். ஜூலை, ஒகஸ்டில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவது அந்தக் காற்றில்தான், ஆனால் அதே காற்று ஈரக் கிளியரின் மேல் தூசியை வாரிக் கொட்டும். மூடிய அறை இல்லாத சின்னக் கராஜ் என்றால் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும் எனக்குத் தெரிந்து நல்ல காலம். பனி முழுக்க வற்றிய பிறகு தொடங்கி, பின்னேரக் குளிர் இறங்குமுன் முடிக்கவேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் பூச்சு வெள்ளை பூத்து மங்கும்.

புதுக் கிளியரை முதல் ஒரு வாரம் கழுவவேண்டாம், தார்ப்பாய் போட்டு மூடவும் வேண்டாம். மெழுகுப் பொலிஷ் ஒரு மாதம் பொறுத்துத்தான், உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க வெளியேற வழி வேண்டும். அதன் பிறகு பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். நிறுத்துகிற இடத்துக்கு நாலு தகரம் போட்டு ஒரு கொட்டில் கட்ட வசதி இருந்தால், விலை கூடிய மெழுகு வாங்குகிற காசை அதற்குப் போடுங்கள்.