வான்கோவின் வானம், ஒளிப்படத்தில்

வின்சென்ட் வான்கோ 1888 செப்டம்பரில், பிரான்சின் ஆர்ல் நகரத்து ஆற்றங்கரையில், எரிவாயு விளக்கொளியில் இரவிலேயே தீட்டிய 'ரோன் ஆற்றின் மேல் விண்மீன் இரவு' என்னும் ஓவியத்தை ஒளிப்படமாக மீட்டுருவாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது திசைச் சிக்கலாகும். ஓவியத்தில் ஆறும் நகரமும் தென்மேற்கு நோக்கிய காட்சியாக விரிய, அவற்றின் மேல் ஒளிரும் சப்தரிஷி மண்டலமோ அங்கு வட வானத்தில் மட்டுமே தோன்றுவது; ஆகவே இரண்டையும் தனித்தனியே படமெடுத்துக் கணினியில் இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மங்கிய விண்மீன்கள் பதிவாக ஒளியேற்பு நேரத்தை, அதாவது கேமராவின் உணரியில் ஒளி விழும் கால அளவை, நீட்ட வேண்டும். ஆனால் புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 20 மி.மீ. லென்சில் ஏறத்தாழ 25 விநாடிகளைக் கடந்தாலே புள்ளிகள் கோடுகளாக இழுபடத் தொடங்கும். நிறம் இன்னும் நுட்பமானது. சப்தரிஷியின் ஏழு விண்மீன்களில் துபே மட்டும் செம்மஞ்சளாகவும் மற்றவை வெண்மையாகவோ நீலவெண்மையாகவோ ஒளிர்ந்தாலும், உணரியில் ஒளி மிகுந்து எல்லாமே வெறும் வெண்புள்ளிகளாகிவிடக்கூடும். ஒளியைச் சற்றே பரப்பும் மென்வடிகட்டியை லென்சின் முன் பொருத்தினால் பிரகாசமான விண்மீன்கள் வட்டங்களாக விரிந்து, தம் நிறத்தையும் காட்டும். ஓவியரின் தூரிகை தந்த பெரிய விண்மீன்களுக்கு ஒளிப்படம் மிக நெருங்கி வருவது இங்கேதான்.

இத்தகைய படத்தை வெளியிடுவோர், அது இரு திசைகளின் இணைப்பு என்பதை உடன் குறிப்பிட வேண்டும்.