எண்களில் மின்னும் தங்கம்

அயல்நாட்டுப் பங்குகளை வீட்டிலிருந்தபடியே வாங்கும் வசதி இன்று நம் நாட்டவருக்கும் ஏற்பட்டுவிட்டது. அவற்றுள் தங்கமோ செம்போ தேடப் புறப்பட்ட சிறு சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளும் உண்டு. “இன்ன மலையில் இத்தனை லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கக்கூடும்” என்று அவை வெளியிடும் அறிக்கைகளை எவ்வாறு எடை போடுவது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இக்கம்பெனிகள் பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் சந்தைகளில் பதிவானவை. இவற்றில் பலவற்றிற்குச் சுரங்கமும் கிடையாது. விற்பதற்கு உலோகமும் கிடையாது. பங்கு விற்ற பணத்தைக் கொண்டு நிலத்தைத் துளைக்கின்றன. பணம் தீர்ந்ததும் மீண்டும் பங்கு விற்கின்றன. ஆகவே நம்பிக்கையூட்டும் செய்தியே இவற்றின் விற்பனைச் சரக்கு எனலாம். இதனை மோசடி என்று நாம் கூறவில்லை. தேடுவோர் இல்லையேல் புதிய சுரங்கம் ஏது? ஆயினும், தேடப்படும் இடங்களுள் மிகச் சிலவே சுரங்கமாகின்றன என்பதை மறத்தலாகாது.

நேர்மை தவறினால் விளைவது யாது என்பதற்குக் கனடாவின் கால்கரி நகரிலிருந்த பிரீ-எக்ஸ் கம்பெனியே சான்று. அது 1993-இல் இந்தோனேசியாவின் கிழக்குக் காலிமந்தானிலுள்ள பூசாங் என்னும் காட்டு நிலத்தில் உரிமை பெற்றது. 1995-இல் அங்கே 3 கோடி அவுன்ஸ் தங்கம் என்றார்கள். 1997-இன் தொடக்கத்தில் அது 7 கோடியாயிற்று. சில சென்ட்டுகளுக்கு விற்ற பங்கு, பிற்காலத்தில் பிரிக்கப்படாத பழைய பங்கின் கணக்கில், 286 டாலரைத் தாண்டியது. கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 600 கோடி கனடா டாலர்.

கூட்டுச் சேர வந்த அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் கம்பெனி, பழைய துளைகளுக்கு அருகிலேயே தானும் துளையிட்டுப் பார்த்தது. குறிப்பிடத்தக்க தங்கம் இல்லை என்று 1997 மார்ச் 26-இல் தெரியவந்தது. மே மாதத்தில் ஸ்ட்ராத்கோனா என்னும் சுயேச்சை ஆய்வு நிறுவனமும் அதனை உறுதி செய்தது. பங்கு செல்லாக் காசாயிற்று. தனி மனிதர்களின் சேமிப்போடு, ஒன்டாரியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் பெருந்தொகை இழந்தது. குற்றத் தண்டனை பெற்றவர் எவருமில்லை.

நடந்தது இதுவே: பொடி செய்த கல்லில் ஆற்றுத் தங்கத்தூளைக் கலந்து பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தூளின் துகள்கள் நீரோட்டத்தில் தேய்ந்து உருண்டிருந்தன. பாறையிலிருந்து நேரே எடுத்த தங்கம் அவ்விதம் இராது. மேலும், துளையிலிருந்து வரும் கல் உருளையை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பத்திரப்படுத்துவதே வழக்கம். பூசாங்கில் உருளை முழுவதையும் பொடியாக்கிவிட்டார்கள். மறுபாதி எங்கே என்று கேட்டவர் சொற்பம். கேட்டும் பங்கை வாங்கியவர் அநேகர்.

இதன் பின்னர் கனடாவில் 2001-இல் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் பொறுப்பேற்காமல் கனிம மதிப்பீட்டை வெளியிடுதல் கூடாது. ஆஸ்திரேலிய விதிகளோ, “ஆய்வு இலக்கு” என்று ஓர் அளவைக் கூறினால் அது கருத்தளவிலானதே, கனிம வளம் என மதிப்பிடப் போதிய ஆய்வு நடைபெறவில்லை என்றும் உடன் எழுத வேண்டும் என்கின்றன. ஆனால் இலக்கின் எண்ணையே வாசகர் கண் பற்றுகிறது. எச்சரிக்கை வாசகத்தை எவரும் படிப்பதில்லை. விதி பொய்யைத் தடுக்கலாம், பேராசையைத் தடுக்காது.

சங்கத்தின் இருப்பேட்டில் நூறு சிப்பம் நூல் என்று எழுதியிருந்தால், தணிக்கைக்குச் செல்லும் நாம் கிடங்கைத் திறந்து எண்ணிய பிறகே கையொப்பமிடுகிறோம். காரியதரிசியின் மீது ஐயமுற்று அன்று; முறை அதுவே. சுரங்க அறிக்கைக்கும் அம்முறையே பொருந்தும். எத்தனை துளைகள் இட்டார்கள்? கல்லின் மறுபாதி இருக்கிறதா? இலாபத்தில் பங்கில்லாத ஒருவர் மறுசோதனை செய்தாரா? சொல்லப்படுவது இலக்கா, அளந்து கண்ட வளமா? கம்பெனியின் கையிருப்பு எத்தனை மாதத்திற்குப் போதும்?

இவற்றிற்குத் தெளிவான விடை கிடைத்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. மழையை நம்பி விதைக்கலாம். ஆனால் விதைநெல்லையே பந்தயம் வைத்தல் தகாது. மகளின் கலியாணத்திற்கும் தறியின் பழுதுபார்ப்புக்கும் வைத்த பணம் அங்கே போகவேண்டாம்.