சாவித் துவாரத்தின் வழியே கண்ட திருவிருந்து

விக்டோரியா காலத்துத் தொழிலாளர் எழுதிய தன்வரலாறுகளுள், 1898இல் வெளியான ஜோசப் ஆர்ச்சின் நூலை நாம் தனியே நோக்குதல் தகும். வார்விக்ஷயரிலுள்ள பார்ஃபர்டு கிராமத்தில் 1826இல் பிறந்த இவர், ஒன்பதாம் வயதில் வயலிற் பறவை ஓட்டும் கூலிச் சிறுவனானார். அதற்கு முன்னரே, ஏழு வயதில், தம் தந்தை பங்குபெற்ற திருவிருந்து ஆராதனையை ஆலயக் கதவின் சாவித் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். முதலில் நிலக்கிழார் எழுந்து சென்றார், அடுத்துப் பண்ணைக்காரர், பின்னர்க் கடைக்காரரும் கொல்லரும், எல்லாருக்கும் கடைசியில் கூலியாட்கள். அவர்களோடு வேறெவரும் முழங்காற்படியிடவில்லை. வறுமையைவிட இவ்வரிசையே அவரை அதிகம் புண்படுத்திற்று என நாம் கருதுகிறோம்.

பின்னாளில் அவர் பிரிமிட்டிவ் மெதடிஸ்டு சபையில் குருப்பட்டம் பெறாத பிரசங்கியாரானார். அங்குப் பயின்ற குரலே 1872 பெப்ரவரி 7ஆம் நாள் வெல்ஸ்போர்னில் மரத்தடியிற் கூடிய உழவுத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிற்று. 1885இல் அவர் பாராளுமன்றமும் புகுந்தார்.

முயற்சியொன்றே தம்மை உயர்த்தியதென எழுதுவோர் பலர். (அத்தகைய நூல்களை நாம் சற்று ஐயத்துடனேயே வாசிக்கவேண்டும்.) ஆர்ச்சோ, தம் குடிசை குடும்பத்துக்கே சொந்தமாயிருந்ததை மறைக்கவில்லை; எந்த நிலக்கிழாரும் அவரை வெளியேற்றக் கூடாதிருந்தது. 1919இல் அவர் மரித்ததும் அவ்வீட்டிலேயே.