விண்மீனைப் புள்ளியாகக் காட்டும் லென்ஸ்

பகலில் அருமையாகப் படம் எடுக்கும் லென்ஸ், இரவு வானத்தில் சறுக்குவது சகஜம். கல்யாண வீட்டுப் படத்தின் மூலையில் லேசான கலங்கல் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கருப்பு வானத்தில் அப்படித் தப்ப முடியாது. ஒவ்வொரு விண்மீனும் ஒரு புள்ளி. அது கொஞ்சம் இழுபட்டாலும் பிதுங்கினாலும் கண்ணை உறுத்தும்.

கடையில் முதலில் சொல்லப்படுவது எஃப் எண். லென்ஸின் ஃபோகல் லென்த்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. எண் சிறுத்தால் துளை பெருக்கும். எஃப் 4-ஐவிட 2.8-இல் இரண்டு மடங்கு, 1.4-இல் எட்டு மடங்கு ஒளி விழும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் பொதுவாக 18 மி.மீ. முனையில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். ஜூம் செய்தால் 5.6-க்குச் சுருங்கிவிடும். பால்வெளியை எடுக்க 2.8 அல்லது அதற்கும் குறைந்த எண் இருந்தால் நல்லது.

ஒளி போதாவிட்டால் ஷட்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாமே என்று தோன்றும். பூமி விடாது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. விண்மீன் கோடாகாமல் இருக்க 500-ஐ ஃபோகல் லென்த்தால் வகுத்து, வரும் விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. ஃபுல் பிரேம் கேமராவில் 14 மி.மீ. லென்ஸுக்கு 35 விநாடி, 24-க்கு 20, 50-க்கு 10. சிறிய சென்சார் கேமராவில் இதை மேலும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். இன்றைய கேமராக்களுக்கு இந்தக் கணக்கு தாராளம்தான். 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேமில் 24 மி.மீ. லென்ஸ் வைத்து 20 விநாடி திறந்தால், ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள விண்மீன் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபடும். பாதி நேரம் வைத்தால் படம் கூர்மையாகும். துருவ நட்சத்திரத்தின் பக்கத்தில் இந்த அவசரம் கிடையாது. அங்கே நகர்வு மிகக் குறைவு.

எஃப் எண் மட்டும் முழுக்கதை சொல்வதில்லை. வானத்தின் பொதுவான வெளிச்சம் எஃப் எண்ணைப் பொறுத்தது; மங்கலான விண்மீன் பதிவாகுமா என்பது துளையின் உண்மையான அகலத்தைப் பொறுத்தது. 14 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் துளை 5 மி.மீ.தான். விலை மலிவான 50 மி.மீ. லென்ஸை அதே 2.8-இல் வைத்தால் துளை 18 மி.மீ. பத்தே விநாடி திறந்தாலும், ஒரு விண்மீனிடமிருந்து அது சேர்க்கும் ஒளி, 14 மி.மீ. லென்ஸ் 35 விநாடியில் சேர்ப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். பார்வை மட்டும் குறுகிவிடும். ஓரியன் முழுதாக அடங்கும். பால்வெளியின் வளைவு அடங்காது.

அதனால்தான் பலருக்கும் 20, 24 மி.மீ. நடுவாந்திரமாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் தனுசு ராசிப் பக்கம் இருக்கும் பால்வெளி மையம் தெற்கே ஏறத்தாழ 50 பாகை உயரம் வரை ஏறும். ஃபுல் பிரேம் கேமராவை நெட்டுவாக்கில் திருப்பினால் 24 மி.மீ. சுமார் 74 பாகையை அடக்கும். கீழே பனைமரம், மேலே பால்வெளி, இரண்டும் ஒரே படத்தில்.

இனி, விலைப்பட்டியலில் இல்லாத குணம்: கோமா. துளையை முழுதாகத் திறந்தால், நடுவில் புள்ளியாக இருக்கும் விண்மீன் மூலைக்குப் போகப்போகச் சிறகு முளைத்து, பறக்கும் பறவைபோல் ஆகிவிடும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைந்தவற்றோடு ஒரே இடத்தில் கூடாததே காரணம். துளையைச் சுருக்கினால் குறையும். ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஒளி போய்விடும். எஃப் 1.4 லென்ஸை 2.8-இல் வைத்துத்தான் ஒழுங்கான படம் வருமென்றால், 1.4-க்குக் கொடுத்த பணத்துக்கு என்ன பொருள் என்று கேட்கத்தான் வேண்டும். நிக்கான் நிறுவனம் இந்தக் கோளாறைக் குறைக்கவே 1977-இல் 58 மி.மீ. எஃப் 1.2 நாக்ட் லென்ஸைக் கொண்டுவந்தது. அதன் முன் கண்ணாடியைக் கோளவடிவம் விலகிய வளைவில் கையால் தேய்த்தார்கள். சாம்யாங்கின் 14 மி.மீ. எஃப் 2.8 மேனுவல் லென்ஸ் நேர்கோடுகளை மீசைபோல் வளைத்துவிடும். ஆனாலும் கோமா குறைவு, விலையும் குறைவு. வானத்தை எடுப்பவர்கள் அதை விரும்பியது அதனால்தான்.

மேனுவல் ஃபோகஸ் இங்கே குறையே அல்ல. இருட்டில் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் தடுமாறும். படுத்த எட்டுபோல் இருக்கும் முடிவிலிக் குறியையும் நம்ப முடியாது. பல லென்ஸ்கள் அதையும் தாண்டிச் சுழலும். சிரியஸையோ, அகத்தியர் என்று நம்மவர் சொல்லும் கனோபஸையோ கேமராத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டுவது பழைய வழி. சிக்மா 2023-இல் கொண்டுவந்த 14 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் ஃபோகஸைப் பூட்டவே ஒரு சுவிட்ச் உண்டு. பனி படியாமல் தடுக்கச் சுற்றும் ஹீட்டர் பட்டை நழுவாதிருக்க விளிம்பும் உண்டு. மலையடிவாரத்தில் நள்ளிரவுக்கு மேல் கண்ணாடியில் ஈரம் படிந்து, படமெல்லாம் வெள்ளையாகப் போன பிறகுதான் அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

நிலாவுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதன் மேல் விழுவது வெயில். பெரிய துளை தேவையில்லை, நீளம்தான் வேண்டும். 24 மி.மீ. லென்ஸில் நிலா சென்சாரில் 0.2 மி.மீ. பொட்டு, 200 மி.மீ. லென்ஸில் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

எந்த லென்ஸ் வாங்கினாலும் முதல் இரவே சோதிப்பது நல்லது. முக்காலியில் வைத்து, துளையை முழுதாகத் திறந்து, ஒரு படம். அதன் நடுவையும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு சிறகு இருந்தால் அது அந்த மாடலின் இயல்பு. மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அதைப் பெட்டியில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய் மாற்றித் தரக் கேட்க வேண்டியதுதான்.