‘நார்மல்’னு போட்டிருக்கே தம்பி!

விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, பைக்குள் மடித்த சாக்கு. ஏறி உட்கார்ந்ததும் பெண்கள் முதலில் அவிழ்ப்பது சுருக்குப்பையைத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு கிள்ளு போயிலை. மெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் அந்தச் சாறு வாயில் ஊறும்போதே கடந்துவிடும். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். குளிர், தூறல், அட்டை. மாலையில் இறங்கி வரும்போது இடுப்பு ஒடியும். அந்த வலிக்குச் சிலர் மாத்திரை போடுவார்கள். சிலர் வீட்டுக்காரர் வாங்கி வைத்த பாட்டிலிலிருந்து, யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் ஊற்றிக்கொள்வார்கள்.

அந்தக் ‘கொஞ்ச’த்தைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டு ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துவதாகச் சொன்னார்கள். பெண்களில் 0.3 சதவீதம். மாமியார் காதில் விழும்படி, வாசலில் நின்று கேட்பவரிடம், ‘ஆமாம், குடிப்பேன்’ என்று எத்தனை பெண்களால் சொல்ல முடியும்?

வாய் மறைத்தாலும் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிறோம். பெண்கள் விஷயத்தில் அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். இருபது வருடமாகக் காய் எடுக்கப் போகிறவர். “நார்மல்னு போட்டிருக்கே தம்பி, அப்புறம் எதுக்குக் காலையில கை இப்படி நடுங்குது?” காமா ஜி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு 48. பக்கத்தில் அச்சடித்திருந்த வரம்பு 55 வரை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த லேப்பில் ஒரே வரம்புதான். பெண்களுக்கென்று தனி வரம்பு போடும் லேப்கள் பலவும் 35, 40 அளவிலேயே கோடு கிழித்துவிடும். அங்கே இதே 48 தடித்த எழுத்தில் வந்திருக்கும்.

அடுத்த வரி எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 84 என்றிருந்தது, அதுவும் வரம்புக்குள்தான். இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. நாள்பட்டுக் குடித்தால் சிவப்பணு பருக்கும், எம்.சி.வி. 100-ஐ நோக்கி ஏறும். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், எம்.சி.வி. இறங்கும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஒன்று மேலே தள்ள, ஒன்று கீழே இழுக்க, எண் நடுவில் வந்து ‘நார்மல்’ என்று உட்கார்ந்துகொள்ளும். அக்காவின் ஹீமோகுளோபின் 9.2. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. ஆக, பாதிப் பெண்களுக்கு இந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது.

தலைகீழாகவும் நடக்கும். குடியைக் கண்டுபிடிக்கச் செய்யும் சி.டி.டி. சோதனை, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் ஒரு வகையை அளக்கிறது. கர்ப்ப காலத்தில் அது தானாகவே உயரும். சோதனையின் பழைய முறைகளில் இரும்புச்சத்துக் குறைவும் எண்ணை ஏற்றிக் காட்டும். ஒரு சொட்டுக்கூடத் தொடாத கர்ப்பிணி மீது ‘குடிகாரி’ என்ற பழி விழ இது போதும். இன்னொரு பக்கம், உண்மையாகவே குடிக்கும் பெண்களை இதே சோதனை ஆண்களைவிட அதிகம் தவறவிடுகிறது.

போயிலைக்கும் இப்படியொரு சிக்கல் உண்டு. நிகோடின் உடம்பில் கோட்டினின் ஆக மாறும். ரத்தத்தில் அதைத்தான் தேடுவார்கள். பெண் உடம்பு நிகோடினை ஆணைவிட வேகமாகக் கரைக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இன்னும் வேகம். கர்ப்பத்தில் அதைவிட வேகம்: கோட்டினின் பாதியாகக் குறைய வழக்கமாக 17 மணி நேரம் ஆகுமென்றால், கர்ப்பிணிக்கு 9 மணி நேரமே போதும். எண் குறைவாக வந்தது என்பதற்காகப் பிள்ளைக்குப் பாதிப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், போயிலை மெல்லும் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன.

மது விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இந்த வேறுபாடு? பெண் உடம்பில் நீர் குறைவு. அதே கிளாஸ் அதே எடையுள்ள பெண்ணின் ரத்தத்தில் அடர்த்தியாக ஏறும். இரைப்பையிலேயே சாராயத்தைச் சிதைக்கும் நொதியும் பெண்களிடம் குறைவாக இருப்பதை இத்தாலி, அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் எழுதினார்கள். அதனால்தான் குறைந்த அளவு, குறைந்த வருடம் குடித்தாலும் கல்லீரல் சீக்கிரம் கெடுகிறது. இவ்வளவு தெரிந்தும் அளவுகோல் பெரும்பாலும் ஆணுடையதாகவே இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் அமெரிக்கா சொன்னது. அரசுப் பண ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1993-இல்தான்.

பெத் என்றொரு புதிய ரத்தச் சோதனை இருக்கிறது. சாராயம் உள்ளே போனால் மட்டுமே உருவாகும் பொருளை அது தேடுவதால் ரத்தசோகையோ கர்ப்பமோ அதைப் பெரிதாகக் குழப்பாது. இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய குடியைக்கூடக் காட்டும். பெரிய லேப்களில்தான் செய்ய முடியும். அதுவும் குடித்தாரா என்பதைச் சொல்லுமே தவிர, அடிமையாகிவிட்டாரா என்பதைச் சொல்லாது. அடிமைநோயை உறுதிசெய்யும் ரத்தச் சோதனை எதுவும் இன்றைக்கு இல்லை. அப்படிச் சொல்லி யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

உறுதிசெய்வது பேச்சால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. அக்காவை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் முதலில் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொன்னார். அப்புறம்தான் கேட்கத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. எந்த லேப்பாலும் சொல்லியிருக்க முடியாதவை அந்த அறையில் வெளிவந்தன.

அப்படி வெளியே உட்கார வைப்பது மருத்துவரின் தயவு அல்ல, நோயாளியின் உரிமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதையால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது; ரிப்போர்ட்டைக் கங்காணியிடமோ தோட்ட முதலாளியிடமோ கொடுக்க முடியாது. 25-ஆம் பிரிவின்படி உங்கள் மருத்துவப் பதிவை நீங்கள் கேட்டு வாங்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அட்டை இல்லாவிட்டாலும் அரசு மனநல சிகிச்சை இலவசம். தாய் சிகிச்சையில் இருக்கும்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. இது மத்தியச் சட்டம் என்பதால் மெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

போதை மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டியிருக்கிறதே என்று உடனே சேர்த்துவிடாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மொட்டை அடிக்க வற்புறுத்துவது, சங்கிலியில் கட்டுவது இரண்டும் சட்டப்படி குற்றம். சம்மதமின்றி, உறவினரின் விண்ணப்பத்தின் பேரில் ஒரு பெண்ணைச் சேர்த்தால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணுக்கு ஏழு நாள். புகாரும் அந்த வாரியத்திடம் தரலாம். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். பெண்ணாக இருந்தாலே, வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இரண்டு ஆபத்துகளை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், இரண்டாம் நாளுக்குள் வலிப்பு, மூன்றாம் நாளில் நினைவுப் பிறழ்வு வரலாம், உயிரே போகலாம். தோட்டத்து லயத்தில் படுக்கவைத்து ‘சரியாயிரும்’ என்று இருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அடுத்தது, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிக் கொடுக்கும் பொடிகள். உள்ளே டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்து, அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரியும், நெஞ்சு அடைக்கும்.

ரிப்போர்ட் வாங்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த வரம்பு பெண்ணுக்கானதா? என் ரத்தசோகையைக் கணக்கில் எடுத்தீர்களா? நான் சாப்பிடும் மாத்திரைகளால் எண் மாறியிருக்குமா? அக்காவுக்கு இப்போது இரும்புச்சத்து மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் மாத்திரையும் ஓடுகின்றன. மருத்துவர் சொன்னபடி அடுத்த மாதம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பேசத் தோன்றும் இரவுகளுக்கு டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐத் தன் பட்டன் போனில் ‘தங்கச்சி’ என்ற பெயரில் போட்டு வைத்திருக்கிறார்.