மூடியைத் திறந்த பிறகே நெருப்பு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பல தாமான்களில் மாலை நேரத்தில் கோழி வாட்டும் வாசம் வீசும். முன்பெல்லாம் கரி அடுப்புதான். இப்போது எரிவாயுவில் இயங்கும் கிரில் அடுப்புகள் பேரங்காடிகளில் அட்டைப் பெட்டியோடு விற்பனைக்கு வருகின்றன. திறந்த இல்ல உபசரிப்புக்கு முதல் நாள் பெட்டியைப் பிரித்ததும், கையேட்டை அப்பாவோ மாமாவோ உங்களிடம்தான் நீட்டுவார். "ஆங்கிலத்துல இருக்கு, நீ படிச்சுச் சொல்லு" என்பார். இந்தக் கட்டுரை அந்த வேளைக்கானது.

கையேட்டில் திருகாணிகளின் படங்களுக்கு நடுவே தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மூடியைத் திறந்து வைத்த பிறகே பற்றவைக்கவும். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்காது. அந்த 'ஏன்' புரிந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

தோம்புக்குள் என்ன இருக்கிறது?

எரிவாயுத் தோம்பை அசைத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ தளும்புவது தெரியும். அது திரவம். நம் நாட்டுச் சமையல் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இரண்டும் நான்காம் படிவ, ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தெரிந்த அல்கேன் குடும்பத்தைச் சேர்ந்தவை. புரோப்பேன் மூலக்கூறில் மூன்று கார்பன் அணுக்கள், எட்டு ஹைட்ரஜன் அணுக்கள். பியூட்டேனில் நான்கும் பத்தும்.

சாதாரண காற்றழுத்தத்தில் புரோப்பேன் கழித்தல் 42 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய 0 பாகை. நம் ஊர் வெப்பத்தில் இரண்டுமே வாயுவாகத்தான் இருக்க வேண்டும். தடிமனான எஃகுத் தோம்பில் அழுத்தி அடைத்து வைத்திருப்பதால்தான் திரவமாக இருக்கின்றன. 30 பாகை வெப்பத்தில் தூய புரோப்பேனின் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 11 மடங்கு. பியூட்டேனுக்கு அது மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. நம் தோம்பிலுள்ள அழுத்தம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். தோம்பை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். நிமிர்ந்திருந்தால் மேல்பகுதியில் சேரும் ஆவி மட்டும் குழாய்க்குள் போகும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் நுழைந்து, அடுப்புக்குப் போக வேண்டிய வாயு பல மடங்காகிவிடும்.

தோம்பின் அழுத்தத்தைக் குறைத்துத் தருவது ரெகுலேட்டரின் வேலை. வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை வெளியே விடும். அது 30 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்தான். உயரமான கண்ணாடிக் குவளை நீரில் உறிஞ்சுகுழாயை விட்டு ஊதிக் குமிழி வரவைத்தால், கிட்டத்தட்ட அந்த அழுத்தத்தை உங்கள் வாயாலேயே உண்டாக்கிவிடலாம். இவ்வளவு மென்மையான ஓட்டத்துக்காகவே கிரில்லின் துளைகள் அளந்து போடப்பட்டிருக்கின்றன.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அங்காடிக் கடைகளில் பெரிய குவாலிகளுக்கு இரைச்சலோடு எரியும் அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். அதுவும் ஹார்ட்வேர் கடையில் அதே தட்டில் கிடைக்கும், அதே தோம்பில் பொருந்தவும் செய்யும். 'நெருப்பு நன்றாக வரும்' என்று யாராவது அதைக் கிரில்லில் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிரில் என்றால், எந்த வாயுவுக்கு, எந்த அழுத்தத்துக்கு என்று அதன் ஒட்டுச்சீட்டில் பாருங்கள். ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பொருத்தும்போது

பெரும்பாலான திருகாணிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முதலில் கையால் முடுக்கிவிட்டு, சட்டம் நேராக நின்ற பிறகு கருவியால் இறுக்கினால் போதும். கவனம் முழுவதும் தேவைப்படும் இடம் ஒன்றுதான்: பர்னர் குழாயின் திறந்த முனை, வால்வின் நுனியிலுள்ள சிறு துளையை மூடியபடி உட்கார வேண்டும்.

அங்கே நடப்பது பள்ளி ஆய்வுக்கூடத்துப் பன்சன் அடுப்பில் நடப்பதுதான். சிறு துளையிலிருந்து வேகமாகப் பாயும் வாயு, பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், காற்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 பங்கு. அதில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே கலக்கும். மீதியைச் சுடர் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்ளும்.

குழாய் முனை துளையை விட்டு விலகி நின்றால் வாயு குழாய்க்குள் போகாமல் அடுப்பின் அடியில் கொட்டும். குழாய் அடைபட்டிருந்தாலும் இதே கதை. பல மாதங்கள் சும்மா கிடந்த கிரில்லில் சிலந்தி வலை பின்னியிருக்கும், குளவி மண்கூடு கட்டியிருக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் சிலந்திக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குவதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால், அடைபட்ட குழாயிலிருந்து திரும்பும் வாயு, கையால் திருகும் குமிழ்களுக்குப் பின்னால்தான் தீப்பிடிக்கும். நீண்ட நாள் கழித்துப் பயன்படுத்தும்போது குழாய்களைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

சுடர் நீலமாக இருந்தால் காற்று போதுமான அளவு கலக்கிறது. பெரிதும் மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் கலக்கவில்லை. பாத்திரத்தில் கரி படிவதோடு, கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மழை வந்துவிட்டது என்று கிரில்லை வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துச் செல்லக்கூடாது என்பது இதனால்தான். வீட்டு முகப்பின் கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் திரை இறக்கிவிட்டால் அதுவும் அறைதான்.

எல்லாம் பொருத்தியதும் கசிவுச் சோதனை. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, தோம்பின் வால்வை மட்டும் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் ரப்பர் குழாய் நெடுகிலும் கரைசலைத் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. வால்வை மூடி, இணைப்பைச் சரிசெய்து, மீண்டும் தடவிப் பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. கசிவு இல்லாதவரைதான் அந்தச் சோதனை ஆபத்தில்லாதது.

மூடியும் 57 விநாடியும்

இப்போது மூடிக்கு வருவோம். புரோப்பேனின் மூலக்கூற்று நிறை 44, பியூட்டேனின் நிறை 58. காற்றின் சராசரி 29. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்பதால், புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. எரியாத வாயு மேலே பறந்து கலைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கீழே இறங்கித் தேங்கும். மூடிய கிரில் என்பது அதற்கு வாய்த்த ஒரு பெட்டி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிரில்லின் உட்புறக் கொள்ளளவு 100 லிட்டர், ஒரு பர்னரின் திறன் 3.5 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாயு காற்றில் சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும் கலவையாகிவிடும். 100 லிட்டரில் 2 விழுக்காடு 2 லிட்டர். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்பதால் இது பன்னிரண்டில் ஒரு பங்கு மோல், அதாவது ஏறக்குறைய 4 கிராம். ஒரு கிராம் எரிந்தால் சுமார் 50 கிலோஜூல் வெப்பம். ஆக மொத்தம் 200 கிலோஜூல். 3.5 கிலோவாட் பர்னர் ஒரு விநாடிக்கு 3.5 கிலோஜூலுக்கான வாயுவைத் தருகிறது. 200ஐ 3.5ஆல் வகுத்தால் 57 விநாடி.

ஒரு நிமிடம்கூட இல்லை. மூன்று பர்னர்களையும் திறந்துவிட்டுப் பொறி வரவில்லையே என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் சுமார் 20 விநாடி. கிரில்லின் இடுக்குகள் வழியே கொஞ்சம் வாயு வெளியேறும் என்பதால் நேரம் சற்றுக் கூடலாம். அதே வேளையில், வாயு பெட்டி முழுவதும் சமமாகப் பரவாமல் அடியில் அடர்ந்து நிற்பதால் அங்கே அந்த 2 விழுக்காட்டை இன்னும் சீக்கிரமாகவே எட்டிவிடும்.

200 கிலோஜூல் என்பது ஒரு டன் எடையுள்ள காரை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல். அவ்வளவும் தள்ளும் விசையாக மாறாது, பெரும்பகுதி வெப்பமாகவே போகும். ஆனால் அது ஒரு கணத்தில், குனிந்து பார்க்கும் முகத்துக்கு நேராக வெளிப்படும். புருவமும் தலைமுடியும் கருகுவதோடு முடிந்தால் அது அதிர்ஷ்டம்.

ஆகவே முறை இது. மூடியைத் திறந்து வையுங்கள். குமிழ்கள் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தோம்பின் வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரே ஒரு பர்னரைத் திறந்து உடனே பொறியை அழுத்துங்கள். முகம் அடுப்புக்கு மேலே இருக்க வேண்டாம். ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் குமிழை மூடி, மூடியைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருங்கள். பசியோடு சுற்றி நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். பரவாயில்லை.

'டிக்' என்ற அந்தப் பொத்தானுக்குள்ளும் ஓர் அறிவியல் உண்டு. பல கிரில்களில் மின்கலம் இருக்காது. ஒரு சிறிய சுத்தி படிகத் துண்டு ஒன்றைத் தட்ட, அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டாகிப் பொறி பாய்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் பண்பைச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள்.

மணம் ஓர் எச்சரிக்கை

தூய புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலந்தாலே போதும். மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இப்படி மணம் கலப்பது கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரிலிருந்த பள்ளியின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு மின்பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் மணம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் டெக்சாசில் வந்தது, பிற இடங்களிலும் பரவியது.

அந்த நாற்றம் வந்தால் முதலில் தோம்பின் வால்வை மூடுங்கள். வீட்டுக்குள் என்றால் விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் பாயும் சிறு பொறியே போதும். கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறிய பிறகு, தள்ளி நின்று கைப்பேசியில் 999ஐ அழையுங்கள். வாயு கீழே இறங்கும் என்பதை இங்கேயும் மறக்கக்கூடாது. தரை வீடுகளைச் சுற்றி நாம் லொங்காங் என்று சொல்லும் கால்வாய் ஓடுகிறதே, கசிந்த வாயு அதில் இறங்கி, அதன் வழியே நகர்ந்து போகும். கிரில்லையும் தோம்பையும் கால்வாய் ஓரத்தில் வைக்க வேண்டாம்.

வாட்டும்போது கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் பர்னர்களை மூடி, இறைச்சியை ஓரமாகத் தள்ளுங்கள். எரியும் கொழுப்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நீர் கொழுப்புக்கு அடியில் போய் நீராவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அது எரியும் கொழுப்பை நாலா பக்கமும் வாரி இறைக்கும்.

வேலை முடிந்ததும் முதலில் தோம்பின் வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து சுடர் தானாக அணைந்த பிறகு குமிழ்களை மூடலாம். அப்போது தோம்பைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது தனக்குத் தேவையான வெப்பத்தைத் தோம்பின் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் ஈரக் காற்றில் திரவம் இருக்கும் மட்டம் வரை தோம்பின் வெளிப்புறம் வியர்த்திருப்பதும் உண்டு. எவ்வளவு மிச்சம் என்று அறிய அதைவிட எளிய அளவுகோல் இல்லை.

புதுத் தோம்பு வாங்கிக் காரில் கொண்டுவரும்போதும் நிமிர்த்தி வைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழியில் கடைக்குப் போகிறேன் என்று வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடக்கூடாது. தோம்பில் 80 விழுக்காடு அளவுக்குத்தான் திரவம் நிரப்புவார்கள். மேலே விட்டிருக்கும் அந்த வெற்றிடம், சூடேறும் திரவம் விரிவதற்கான இடம்.