முகப்பருவும் முகப்பூச்சும்

ஒப்பனையைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் முன்வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருவ வயதுப் பிள்ளைகளின் முகங்களையே நாள்தோறும் பார்த்து வந்தவன் நான். அம்முகங்களுள் ஒன்றுக்கு நான் இழைத்த பிழையே இப்பொருளைக் கற்குமாறு என்னைத் தூண்டியது.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாள்தோறும் செய்தி வாசிப்பவள் அவளே, கணீரென்ற குரல். ஒருநாள் அவள் முகம் முழுவதும் வெண்ணிறப் பூச்சு அப்பியிருக்கக் கண்டேன். "இது பள்ளிக்கூடமா, நாடகக் கொட்டகையா? முகத்தைக் கழுவிவிட்டு வா" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் கழுவிவிட்டு வந்தாள். கன்னமெங்கும் சிவந்து வீங்கிய பருக்கள்! அன்று தலைகுனிந்தபடியே செய்தி வாசித்தவள், மறுநாள் முதல் வாசிக்க வரவில்லை. அவள் மறைக்க முயன்றது ஒரு நோயை என்பது எனக்குக் காலம் கடந்தே விளங்கிற்று.

முகப்பரு எவ்வாறு தோன்றுகிறது? நம் முகத்தோலிலுள்ள மயிர்க்குழிகளுடன் எண்ணெய்ச் சுரப்பிகள் இணைந்துள்ளன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்களின் தூண்டுதலால் இச்சுரப்பிகள் மிகுதியாக எண்ணெயைச் சுரக்கின்றன. குழியின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் அவ்வெண்ணெயுடன் கலந்து வழியை அடைக்கின்றன. வாய் மூடிய அடைப்பு வெண்ணிற முனையாகவும், வாய் திறந்த அடைப்பு கரும்புள்ளியாகவும் தோன்றும். கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. ஆகவே அதனை அழுத்தித் தேய்த்துப் போக்க முயல்வது வீண். அடைபட்ட குழியில் நுண்ணுயிர்கள் பெருகி, உடல் அவற்றை எதிர்க்கும்பொழுது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இதில் பிள்ளையின் குற்றம் யாதும் இல்லை.

இனி, பூச்சுக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 1972ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கிளிக்மன், ஆட்டோ மில்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒப்பனைப் பொருள்களால் தோன்றும் பருவை விவரித்து, அதனை 'ஆக்னி காஸ்மெடிகா' எனக் குறித்தனர். பருவை மறைக்கப் பூச்சு. பூச்சினால் புதுப் பரு. அதனை மறைக்க மேலும் தடித்த பூச்சு. இச்சுழலிலிருந்து விடுபட ஒப்பனையை அறவே துறக்க வேண்டுவதில்லை. அறிந்து தேர்ந்தெடுத்தால் போதும். தேர்வில் கருத வேண்டியவை மூன்று.

முதலாவது, பூச்சின் தன்மை. எண்ணெயும் மெழுகும் மிகுந்து, மேடை அரிதாரம்போல் தடித்து ஒட்டும் பூச்சுகள் பரு உள்ள முகத்துக்கு ஏற்றவை அல்ல. நீரை அடிப்படையாகக் கொண்ட, எண்ணெய் சேராத, மெல்லிய பவுண்டேஷனே தக்கது. முகம் முழுவதும் அப்புவதைவிட, வேண்டிய இடத்தில் மட்டும் ஒற்றுவது நன்று.

இரண்டாவது, உறையின் மீதுள்ள எழுத்து. சேர்ந்துள்ள பொருள்கள் பொதுவாக அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிடப்பெறும். தேங்காய் எண்ணெய், கொக்கோ வெண்ணெய், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் போன்றவை தொடக்கத்திலேயே காணப்படின் எச்சரிக்கை கொள்க. கிளிசரின், டைமெதிகோன், துத்தநாக ஆக்சைடு ஆகியவை பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. 'நான்-காமெடோஜெனிக்' என்னும் சொல்லையும் சில உறைகளில் காணலாம். மயிர்க்குழியை அடைக்காதது என்பது அதன் பொருள். ஆனால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அச்சொல்லுக்குச் சட்ட வரையறை வகுக்கவில்லை. முற்காலச் சோதனைகள் பல முயலின் காதில் நிகழ்ந்தவை. முயலின் காதோ மனிதத் தோலினும் எளிதில் அடைபடுவது. ஆதலின் அச்சொல்லை வழிகாட்டியாகக் கொள்ளலாம், உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. 'இயற்கையானது' என்ற விளம்பரமும் அத்தகையதே. தேங்காய் எண்ணெயும் இயற்கையானதுதானே!

எனவே, இறுதிச் சோதனை அவரவர் தோலிலேயே நிகழ வேண்டும். புதுப் பூச்சைத் தாடையோரத்தில் சிறிதளவு சில நாள் தடவி, எரிச்சலும் அரிப்பும் உண்டா எனப் பார்க்க வேண்டும். அடைப்பு உருவாவதற்கு வாரக்கணக்கில் ஆகுமாதலால், ஒரே வேளையில் இரண்டு புதுப் பொருள்களைத் தொடங்கலாகாது. தொடங்கினால், தீங்கு எதனால் வந்தது என அறிய இயலாது.

மூன்றாவது, நிறம். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிராக உள்ள நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும் என்று ஓவிய ஆசிரியர்கள் கற்பிப்பர். சிவந்த பருவின் மேல் பச்சை சாயலுள்ள பூச்சைச் சிறிது ஒற்றினால் சிவப்பு அடங்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் பரு ஆறியபின் எஞ்சும் கருந்தழும்புகளுக்கு, ஆரஞ்சு சாயலே பொருந்தும். அதன்மேல் இடுவது தன் நிறத்தையே ஒத்திருத்தல் வேண்டும். அதனைப் பகல் வெளிச்சத்தில் தாடையோரத்தில் வைத்துப் பார்த்து வாங்குக. வெளிறிய பூச்சு பருவை மறைப்பதில்லை, எடுத்தே காட்டும். என் மாணவியின் முகம் என் கண்ணை உறுத்தியதும் அதனால்தான்.

ஒப்பனை செய்வதில் உள்ள கவனம் கலைப்பதிலும் வேண்டும். பூச்சுடன் உறங்கலாகாது. மென்மையான சோப்பு நீரால் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நாடகம் முடிந்ததும் தேங்காய் எண்ணெயால் அரிதாரம் கலைக்கும் வழக்கம் இத்தோலுக்கு ஆகாது. தூரிகையையும் பஞ்சையும் வாரம் ஒருமுறை கழுவுக. பிறருடன் பகிர வேண்டா. தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அங்கே பரு தோன்றக்கூடும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பருவுக்கு மருந்தல்ல; எரிச்சலையே பெருக்குவன.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. என் மாணவியின் தாயார் பின்னர் என்னிடம் கூறினார்: "கடையில் கொடுத்த கிரீமைப் பூசியதும் பரு முதலில் அடங்கியது, ஐயா. நிறமும் வெளுத்தது. நிறுத்தியதும் முன்னைவிட மும்மடங்காக வந்துவிட்டது." அதில் ஸ்டீராய்டு இருப்பதை மருத்துவரே கண்டு சொன்னாராம். தக்க மேற்பார்வையின்றி ஸ்டீராய்டுக் களிம்பை முகத்தில் நெடுநாள் பூசினால், தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளித்தெரியும், பரு பெருகும். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. எனவே, சிவப்பாக்கும் என்று சொல்லி எவர் தந்தாலும், உட்பொருள் அறியாமல் எதையும் முகத்தில் இடாதீர்கள்.

ஒப்பனை மறைக்குமேயன்றிக் குணப்படுத்தாது. வலியுள்ள கட்டிகளோ குழித் தழும்புகளோ தோன்றினால் தோல் மருத்துவரை நாடுவதே முறை. சிகிச்சை பயன்தரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தக்க ஒப்பனையைத் தடுக்க வேண்டா. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானிய மருத்துவர்களின் ஆய்வொன்றில், சிகிச்சை பெற்றுக்கொண்டே முறையாக ஒப்பனை செய்துகொண்ட பெண்களுக்குப் பரு மிகவில்லை. வாழ்க்கையில் மனநிறைவு கூடியது.

அம்மாணவியின் வீட்டுக்குச் சென்று என் வருத்தத்தைத் தெரிவித்தேன். "பரவாயில்லை, ஐயா" என்றாள். ஆயினும் அவ்வாண்டு முழுவதும் அவள் குரல் வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிக்கவில்லை. பெற்றோர்களே, ஆசிரியர்களே! ஒரு பிள்ளை முகத்தில் பூச்சு அப்பியிருக்கக் கண்டால், கழுவிவிட்டு வரச் சொல்லுமுன், ஏன் என்று தனியே அழைத்துக் கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை.